குடியேறும் தெருவை வேலைநாள் பகலில் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மடிக்கணினியும் இணையமும் இருந்தால் எந்த ஊரிலும் அமர்ந்து வேலை பார்க்கலாம் என்ற நிலையில் இருக்கும் இளையோர், சென்னையில் சில மாதங்கள் தங்குவதற்கு எந்தப் பகுதி ஏற்றது என்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெசன்ட் நகர், அடையாறு, அண்ணா நகர், நுங்கம்பாக்கம் ஆகிய பகுதிகளைக் கட்டுரையாளர் பரிந்துரைத்திருந்தார். இணைய வேகம், அருகிலுள்ள காபிக் கடைகள், கடற்கரைக்கு ஆகும் தொலைவு ஆகிய மூன்றையும் அவர் அளவுகோலாகக் கொண்டிருந்தார். அவற்றில் எதையும் தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் தொழில்நுட்பக் கையேடுகள் எழுதிக் கொடுக்கும் வேலையை 2021 முதல் மேற்கு மாம்பலம், பெருங்குடி, வேளச்சேரி, மந்தைவெளி என நான்கு பகுதிகளில் மாறி மாறிக் குடியிருந்து செய்துவரும் எனக்கு, அந்த மூன்று அளவுகோல்களும் போதுமானவையாகத் தோன்றவில்லை. அலுவலகம் செல்பவர் தம் குடியிருப்பைக் காலையிலும் இரவிலும் மட்டுமே பார்க்கிறார். வீட்டிலேயே வேலை செய்பவரோ அதன் பகல் முழுவதையும் அனுபவிக்கிறார். ஆகவே, வேலைநாளின் முற்பகலிலும் வடகிழக்குப் பருவமழையின் நடுவிலும் அந்தத் தெரு எப்படி இருக்கிறது என்பதே அவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி என்று நான் கருதுகிறேன்.

பொதுவாக நம்மில் பெரும்பாலோர் வாடகை வீட்டை ஞாயிற்றுக்கிழமை மாலையில்தான் பார்க்கிறோம். தரகருக்கும் அதுவே வசதி. அந்த நேரத்தில் நகரின் எந்தத் தெருவும் அமைதியாக இருக்கும், குழாயில் தண்ணீர் வரும், விளக்கு எரியும். அதே தெருவுக்குச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குச் சென்றால், எதிர்மனையில் பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுகிறார்களா, அடுத்த சுவருக்குப் பின்னால் பள்ளி விளையாட்டுத் திடல் இருக்கிறதா, மெட்ரோ ரயில் பணிக்காகத் திருப்பிவிடப்பட்ட பேருந்துகள் அந்தச் சந்து வழியாகத்தான் போகின்றனவா என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணிகள் மயிலாப்பூர், மந்தைவெளி, ஆற்காடு சாலை, பழைய மகாபலிபுரம் சாலை எனப் பல இடங்களில் நடைபெற்று வந்திருக்கின்றன. அந்தப் பணி நகரத்துக்குத் தேவையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஆறு மாதம் மட்டும் தங்க வருபவர், பள்ளம் தோண்டும் இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்தால் அவருக்கு நல்லது.

மின்சாரத்தின் கதையும் இதுவே. 'பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மின்விநியோகம் நிறுத்தப்படும்' என்று ஊர்ப்பெயர்களின் பட்டியலோடு தங்கள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் வெளியாகும் அறிவிப்பைத்தான் நான் முதலில் படிக்கிறேன். அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு அந்த ஐந்து மணி நேரம் போனதே தெரியாது. எனக்கு அது ஒரு நாள் ஊதியம். 'ஜெனரேட்டர் இருக்கிறது' என்று வீட்டு உரிமையாளர் சொன்னால் அத்துடன் நிறைவடைந்துவிடக் கூடாது. பல குடியிருப்புகளில் அது மின்தூக்கிக்கும் பொதுவிளக்குகளுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மட்டுமே இணைக்கப்பட்டிருக்கும், வீட்டுக்குள் இருக்கும் ஒரு பிளக் கூட அதில் இயங்காது. இணையத்திலும் இதைப் போன்ற ஒரு நுணுக்கம் உண்டு. சில அடுக்குமாடிகளில் குடியிருப்போர் சங்கம் ஒரே நிறுவனத்தின் கம்பியை மட்டும் உள்ளே அனுமதித்திருக்கும். விளம்பரத்தில் சொல்லப்படும் வேகத்தைவிட, அந்தக் கம்பி அறுந்தால் மாற்று வழி உண்டா என்பதே எங்களைப் போன்றோருக்கு முக்கியம்.

கட்டுரையாளர் தொடாத இன்னொரு செய்தி, வேலை கொடுப்பவரின் கடிகாரம். சிங்கப்பூர் நிறுவனத்துக்கு வேலை செய்பவருக்கு நம் ஊர்க் காலை ஆறரை மணிக்கே நாள் தொடங்கிவிடுகிறது. ஜெர்மனிக்கு வேலை செய்பவர் கோடையில் மூன்றரை மணி நேர வித்தியாசத்திலும் குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசத்திலும் இருப்பதால், பிற்பகலும் முன்னிரவும் அவருக்கு வேலைப்பொழுது. நியூயார்க்கைச் சேர்ந்தவர்களோடு வேலை செய்பவர் மாலை ஆறரைக்கு அமர்ந்தால் எழுவதற்கு நள்ளிரவு தாண்டிவிடும். இவர்கள் மூவருக்கும் ஒரே பகுதியைப் பரிந்துரைப்பது எப்படிப் பொருந்தும்? மேற்கு மாம்பலத்தில் நான் இருந்த தெரு, விடியற்காலைக் கோயில் ஒலிபெருக்கியும் காய்கறி வண்டியும் பள்ளி வேன்களுமாக ஐந்தரை மணியிலிருந்தே விழித்திருக்கும். சிங்கப்பூர்க்காரரோடு வேலை செய்த காலத்தில் அந்தச் சுறுசுறுப்பு எனக்கு உதவியாகவே இருந்தது. அமெரிக்க நிறுவனம் ஒன்றின் பணியை ஏற்று, காலை மூன்று மணிக்குப் படுக்கத் தொடங்கிய பிறகு அதே தெருவில் என்னால் தூங்க முடியவில்லை. தெரு மாறவில்லை, என் நேரம்தான் மாறியிருந்தது. ஆகவே பகுதியைத் தேடும் முன், தூங்கும் நேரம் எது, பேசும் நேரம் எது என்பதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு தேட வேண்டும். பெண்களாக இருந்தால், வேலை முடியும் நேரத்தில் தெருவிளக்கு எரிகிறதா, நடமாட்டம் இருக்கிறதா, மருந்துக்கடை எதுவரை திறந்திருக்கிறது என்பதையும் ஒருமுறை நேரில் சென்று பார்க்க வேண்டும்.

இனி மழைக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகச் சொல்ல ஆசிரியர் அனுமதிக்க வேண்டும்.

சென்னையில் தெருவின் பெயரே சில நேரம் எச்சரிக்கையாக இருக்கும். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை என்று ஒன்று இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் எந்த ஏரியும் தெரியாது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியின் பரப்பைத் தூர்த்துத்தான் 1920-களில் தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டமும் ஏரி இருந்த நிலத்தில் எழுந்ததே. 2021 நவம்பர் 6-ஆம் தேதி இரவு தொடங்கி மறுநாள் காலைக்குள் நுங்கம்பாக்கத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானபோது, தியாகராய நகரும் மாம்பலமும் நாள்கணக்கில் நீரில் நின்றன. அன்று என் வீட்டு வாசலில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டுப் பெரியவர், 'இது ஏரிம்மா, அதோட எடத்துக்கு அது வந்திருக்கு' என்று சொன்னார். அவர் சொன்ன பிறகுதான் தெருப்பெயர்களைப் படிக்கத் தொடங்கினேன்.

அப்படியும் 2023-இல் வேளச்சேரியில் குடியேறினேன். பறக்கும் ரயில் நிலையம் அருகில் இருந்தது, வாடகை கட்டுப்படியாகும் அளவில் இருந்தது, வீடு இரண்டாம் தளத்தில் இருந்தது. இரண்டாம் தளத்துக்கு வெள்ளம் வராது என்று நினைத்தேன். அந்த நினைப்பு சரியானதுதான், வெள்ளம் வரவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கடற்கரையை ஒட்டியே நகர்ந்து மழையைக் கொட்டியபோது தரைத்தளத்து வீடுகள் மூழ்கின. தெருவோர மின்பெட்டிகள் நீரில் இருந்ததால் பாதுகாப்புக்காக மின்சாரம் நிறுத்தப்பட்டது. அடுத்தடுத்து கைப்பேசி இணைப்பும் போனது. எங்கள் தெருவுக்கு நான்கு நாள்கள் மின்சாரம் இல்லை. குடிக்கத் தண்ணீரும் இல்லை, ஏனெனில் கீழ்நிலைத் தொட்டியில் கழிவுநீர் கலந்துவிட்டது. தரைத்தளத்தில் இருந்த குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியது. எட்டுப் பேர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இருந்தோம். அவர்கள் இழந்ததோடு ஒப்பிட்டால் என் இழப்பு சிறியது. ஆயினும், முன்பின் பார்த்திராத ஒரு நாட்டில் இருந்த நிறுவனத்துக்கு நான் நான்கு நாள்களாக ஏன் பதிலே அனுப்பவில்லை என்பது தெரியாது. அந்த ஒப்பந்தம் எனக்குப் போய்விட்டது. வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்று மட்டும் கேட்பது போதாது, மழை நின்று எத்தனை நாளில் மின்சாரம் திரும்பும் என்று கேட்க வேண்டும் என்பதை அப்படித்தான் கற்றேன்.

வேளச்சேரியின் சிக்கலுக்கு அருகிலிருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் நிலை முக்கியமான காரணம். தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து வழியும் நீர் அங்கே வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, முட்டுக்காட்டுப் பக்கம் கடலில் சேர வேண்டும். சதுப்புநிலத்தைச் சுற்றிலும் சாலைகளும் கட்டடங்களும் குப்பைக் கிடங்கும் நெருக்கிவிட்டன. 2022-இல் சுமார் 1,248 ஹெக்டேர் பரப்பு ராம்சார் தளமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அதன் முந்தைய பரப்பில் அது ஒரு பகுதியே. கடல் மட்டம் உயர்ந்திருக்கும் புயல்நாளில் நீர் வடிய வழியில்லாமல் பின்வாங்கி நிற்கிறது. பலத்த மழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் மக்கள் தங்கள் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்துவதை 2024 அக்டோபரில் ஊரே பார்த்தது. ஒரு பகுதியைப் பற்றி அதன் மக்களுக்கு என்ன தெரியும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஐப்பசியிலோ கார்த்திகையிலோ வீடு தேடுபவருக்கு இவை கண்ணெதிரே தெரியும். தை முதல் ஆவணி வரை வருபவர் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தரகரையும் உரிமையாளரையும் கேட்பதில் பயனில்லை. இஸ்திரி வண்டி வைத்திருப்பவரை, தேநீர்க்கடைக்காரரை, எதிர்வீட்டுக் காவலாளியைக் கேட்க வேண்டும். '2015-இல் தண்ணீர் எதுவரை வந்தது, 2023-இல் எதுவரை வந்தது' என்று இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும். ஏனெனில் 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை, முடிச்சூர் போன்ற ஆற்றோரப் பகுதிகளை மூழ்கடித்தது. 2023-இல் பெய்த மழை வடியாமல் தேங்கியதே பல இடங்களில் பெருங்கேடு. ஒன்றில் தப்பிய தெரு மற்றொன்றில் தப்பும் என்பதற்கு உறுதியில்லை. சுற்றுச்சுவரில் நீர்க்கறை படிந்த கோடு இருக்கிறதா, தெரு மின்பெட்டியை உயரமான மேடை மேல் ஏற்றி வைத்திருக்கிறார்களா, வீட்டு வாசற்படிக்கு முன்னால் புதிதாக இரண்டு படி கட்டியிருக்கிறார்களா என்றும் பார்க்கலாம்.

மழை அதிகமானால் இப்படி என்றால், குறைந்தால் வேறு துன்பம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. அப்போது பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்த தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் சில, தண்ணீர்ப் பற்றாக்குறையால் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதை இன்றைய இளையோர் பலர் அறியமாட்டார்கள். வீட்டில் மட்டும் தண்ணீர் இருந்ததா? பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர்ப் பகுதிகள் 2011-இல்தான் மாநகராட்சியோடு இணைந்தன, அங்குள்ள அடுக்குமாடிகள் பலவும் லாரித் தண்ணீரை நம்பியே நெடுங்காலம் இருந்துள்ளன. பெருங்குடியில் நான் இருந்தபோது வாடகைக்கு மேல் தண்ணீருக்கென்று பராமரிப்புக் கட்டணம் மாதந்தோறும் மாறிக்கொண்டே இருந்தது. மே மாதத்தில் அது இருமடங்கானது. பகல் முழுவதும் வீட்டில் இருப்பவருக்குத் தண்ணீர்ச் செலவும் கூடுதலாகும். 'மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரிய) இணைப்பா, போர்வெல் தண்ணீரா, லாரியா' என்ற கேள்விக்கு எழுத்தில் விடை பெறாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

முன்பணம் என்றதும் சட்டத்தையும் நினைவூட்ட விரும்புகிறேன். வாடகை தொடர்பாகத் தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம், எழுத்துவழி ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கி, அதை வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யச் சொல்கிறது. இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறக் கூடாது என்றும் சொல்கிறது. நடப்பில் பத்து மாத வாடகை வரை கேட்கிறார்கள். நான்கு மாதமே தங்கப் போகும் ஒருவர் பத்து மாத வாடகையை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, போகும்போது வெள்ளையடிக்க என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவதற்காகக் காத்திருப்பது நியாயமில்லை. மின்சாரத்துக்குத் தனி இணைப்பு உள்ள வீடாகவும் பார்க்க வேண்டும். வீட்டு இணைப்புக்கு இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கிடும் விதமே மாறிவிடும். பகலெல்லாம் குளிர்சாதனத்தை ஓடவிட்டு வேலை செய்பவர் இந்த எல்லையை எளிதில் தொட்டுவிடுவார். உரிமையாளரின் உபமீட்டரில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை வைத்துக் கட்டுபவருக்கு அந்த இலவசமும் கிடைப்பதில்லை.

இவற்றைவிட என்னை வருத்துவது ஒன்று உண்டு. 'சைவம் மட்டும்', 'குடும்பத்துக்கு மட்டும்' என்ற பலகைகளும், பலகையில் எழுதாமல் பெயரையும் ஊரையும் கேட்டே சாதியையும் மதத்தையும் அறிய முயலும் பேச்சுகளும், ஒரு பகுதி எனக்கு ஏற்றதா என்று நான் தீர்மானிப்பதற்கு முன்பே நான் அந்தப் பகுதிக்கு ஏற்றவளா என்று தீர்மானித்துவிடுகின்றன. திருமணமாகாத பெண், அதுவும் இரவில் விளக்கெரிய வேலை செய்பவள் என்றால் கேள்விகள் கூடுகின்றன. 'ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் யார்கூடம்மா பேசிக்கிட்டே இருக்கே?' என்று ஒரு வீட்டு உரிமையாளரின் தாயார் என்னைக் கேட்டார். அவரை உள்ளே அழைத்து, திரையில் இருந்த கையேட்டையும் மறுமுனையில் இருந்தவர்களின் ஊர் நேரத்தையும் காட்டினேன். அன்றிலிருந்து இரவு பத்து மணிக்கு எனக்கொரு டம்ளர் பால் மாடியேறி வந்தது. எல்லா வீடுகளிலும் அப்படி நடந்துவிடவில்லை. இணைய வேகத்தை அளந்து எழுதும் கட்டுரைகள், எந்தப் பகுதியில் யாருக்கு வீடு கொடுக்க மறுக்கிறார்கள் என்பதையும் எழுத வேண்டும்.

போக்குவரத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். நாள்தோறும் பயணம் செய்யாத எங்களுக்கு அது இரண்டாம் நிலைத் தேவை. தென்மாவட்டங்களுக்கு அடிக்கடி போய்வருபவர், 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, தாம்பரம், பெருங்களத்தூர்ப் பக்கம் பார்ப்பது வசதி. விமானப் பயணம் அதிகம் உள்ளவருக்கு விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் செல்லும் மெட்ரோ பாதையின் நிலையங்கள் எவையும் பொருந்தும்.

காபிக் கடையில் அமர்ந்து வேலை செய்வதைப் பற்றிக் கட்டுரையாளர் மகிழ்ச்சியோடு எழுதியிருந்தார். ஒரு காபிக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து மூன்று மணி நேரம் அமர்வது எல்லோராலும் இயலாது. கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் போன்ற இடம் வேறெந்த நகரத்தில் இவ்வளவு எளிதாக வாய்க்கும்? வீட்டில் மின்சாரம் இல்லாத பல முற்பகல்களை நான் அங்கேதான் கழித்திருக்கிறேன். ஆனால் நூலகத்தில் பேச முடியாது, பேசவும் கூடாது. கொளத்தூரில் 2024 நவம்பரில் தொடங்கப்பட்ட முதல்வர் படைப்பகம், பகிர்ந்து பணியாற்றும் மேசைகளையும் போட்டித் தேர்வுக்குப் படிப்போருக்கான இடத்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கிறது. இத்தகைய இடம் நடந்து செல்லும் தொலைவில் இருப்பது, ஒரு பகுதியைத் தேர்ந்தெடுப்பதற்கு நான்கு காபிக் கடைகளைவிட வலுவான காரணம். கிளை நூலகங்களின் மாடிகளில் பிளக் வைத்த மேசைகளும், கதவை மூடிக்கொண்டு பேச ஒரு சிறு அறையும் அமைத்துத் தந்தால், அவற்றைப் பயன்படுத்த எங்களைப் போன்றோர் மட்டுமல்லர், அந்தந்தத் தெருவின் மாணவர்களும் வருவார்கள்.

தங்கள் நாளிதழ் வாயிலாகப் பெருநகர சென்னை மாநகராட்சியிடம் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். 2015, 2023 ஆகிய இரு வெள்ளங்களிலும் தண்ணீர் எட்டிய உயரத்தை ஒவ்வொரு தெருமுனையிலும் ஒரு மின்கம்பத்தில் இரு கோடுகளாக வரைந்து வைக்க வேண்டும். அதற்குப் பெருஞ்செலவு ஆகாது. வாடகைக்கு வருபவர், சொந்தவீடு வாங்குபவர், கடை வைப்பவர் என யாரும் யாரையும் கேட்காமல் அதைப் பார்த்துக்கொள்ளலாம். தங்கள் நாளிதழும், நாளைய மின்தடை அறிவிப்போடு நிறுத்திக்கொள்ளாமல், கடந்த ஓராண்டில் எந்தப் பகுதியில் எத்தனை நாள் பகல்நேர மின்தடை இருந்தது என்பதைத் தொகுத்து ஆண்டுக்கொருமுறை வெளியிட்டால் பேருதவியாக இருக்கும்; அத்தனை அறிவிப்புகளும் தங்கள் கோப்பிலேயே இருக்கின்றன.

மந்தைவெளியில் நான் இப்போது குடியிருக்கும் தெருவிலும் அதை ஒட்டிய மூன்று தெருக்களிலும் பழைய குடியிருப்பாளர்களைக் கேட்டு, இரு ஆண்டுகளின் நீர்மட்டத்தையும் மின்சாரம் திரும்பிய நாளையும் வீடுவாரியாக ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். தங்கள் நிருபர் எவரேனும் இந்தப் பணியை மேற்கொள்வதாக இருந்தால், அந்தக் குறிப்பேட்டை அவரிடம் கொடுக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகி,
மந்தைவெளி, சென்னை.